அக்காவின் சிரிப்பும் மூன்று நாள் குட்டிகளும்

அக்காவின் முகத்திலிருந்து சிரிப்பு போனபோது, அவள் என்மேல் கோபமாக இருக்கிறாள் என்றுதான் நினைத்தேன். ஒன்றிரண்டு நாள் இல்லை, இரண்டு மாதத்துக்கு மேல் அப்படியே நினைத்துக்கொண்டிருந்தேன். பதிலுக்கு நானும் கோபமாக இருந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும், போவதற்குத்தான் நாளாகும்.

நான் சென்னையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் எலிகளோடு வேலை பார்க்கிறேன். அக்கா போர்ட் பிளேரில், டெய்ரி ஃபார்ம் என்கிற பகுதியில், அப்பா கட்டிய தகரக் கூரை வீட்டில் இருக்கிறாள். ஊருக்கு இப்போது வேறு பெயர் வைத்துவிட்டார்கள், எங்கள் வாயில் அது இன்னும் ஏறவில்லை. அப்பாவும் அம்மாவும் போன பிறகு ஊர் என்றால் எனக்கு அக்காதான். என்னைவிட ஐந்து வயது பெரியவள், ஆனாலும் அக்கா தங்கைக்குள் 'நீ', 'வா', 'போ'தான்.

தினமும் வேலை முடிந்து அறைக்கு வந்ததும் வீடியோவில் கூப்பிடுவேன். கடலுக்கடியில் கேபிள் வந்த பிறகுதான் அந்தப் பாக்கியமும். அதற்கு முன்பெல்லாம் அக்காவின் படம் பாதி வாய் திறந்தபடி உறைந்து நிற்கும், குரல் மட்டும் விட்டு விட்டு வரும். இப்போது படம் தெளிவாக வந்தது. தெளிவாக வந்ததை நான் தப்பாகப் பார்த்தேன்.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு நான் ஊருக்குப் போகவில்லை. எங்கள் கூண்டுகளில் அந்த வாரம் நாலைந்து எலிகள் குட்டி போடவிருந்தன. குட்டி பிறந்த கணக்குப்படி வேலை செய்ய வேண்டும் என்பதால் விடுப்பு கேட்கவே முடியாது. சாயங்காலம் அக்காவைக் கூப்பிட்டு, "இங்க மாட்டுத் தொழுவம் இல்லக்கா, எலிக் கூண்டுதான். ஆனா இன்னைக்கே நாலு பாலன் பொறந்தாச்சு" என்றேன். அவள் மேலுதட்டைத் தூக்கிப் பல்லைக் காட்டி, மூக்கைச் சுளித்து, பாதிக் கண்ணால் என்னைப் பார்த்தாள். எதிரே நிற்பவரை மதிக்காதவர்கள் பார்க்கிற பார்வை. ஒரு வார்த்தை பேசவில்லை. வராததற்கு இப்படியா முகத்தைக் காட்டுவாள் என்று எனக்குச் சுர்ரென்று ஏறியது. சார்ஜ் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

பிறகுதான் தெரிந்தது, அவள் சிரித்திருக்கிறாள்.

அக்காவின் சிரிப்பைத் தெரிந்தவர்களுக்குத்தான் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும். முதலில் சத்தமே வராது. தோள் மட்டும் குலுங்கும். விக்கல் மாதிரி ஒன்று தொண்டையில் வெட்டும். பிறகு திடீரென்று உடைத்துக்கொண்டு கிளம்பும். அதற்கு இடம் பொருள் ஏவல் எதுவும் கிடையாது. கோவிலில் பிரசங்கத்தின் நடுவே அது கிளம்பியதால் அப்பா எங்கள் இருவரையும் வெளியே கூட்டிப்போய் நிறுத்தியிருக்கிறார். எதற்குச் சிரித்தாள் என்று அவளுக்கும் தெரிந்திருக்காது. அவளைப் பார்த்து நான் சிரிப்பேன், எங்களைப் பார்த்துக் கடைசி பெஞ்சில் இருக்கும் பெங்காலி அம்மாள் சிரிப்பார், தமிழ்ப் பிரசங்கத்தில் ஒரு வார்த்தை அவருக்குப் புரியாது.

அவள் கல்யாணமான புதிதில் அத்தான், அக்கா, நான் மூவரும் ஹேவ்லாக் தீவுக்குப் போனோம். அத்தான் தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரர். ஃபெரியில் ஏறும்போதே, "நான் கடல்லயே கெடந்து வளந்தவன்" என்று எங்களுக்கு அலையைப் பற்றிப் பாடம் எடுத்தார். துறைமுகத்தைத் தாண்டிய பத்தாவது நிமிடம் வாந்தி எடுக்க ஆரம்பித்தவர், ஹேவ்லாக் ஜெட்டியில்தான் நிமிர்ந்தார். அக்கா அவர் முதுகைத் தடவிக்கொண்டே சிரித்தாள். வேண்டாம் வேண்டாம் என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஃபெரி ஊழியர் ஒருவர் வந்து, "பாபி, பஸ் கரோ, பாய்சாப் மர் ஜாயேகா" என்று, போதும் அண்ணி, அண்ணன் செத்தே போவார் என்கிற மாதிரி, சொல்லிவிட்டு அவரும் சிரித்தார். அத்தானும் வாந்திக்கு நடுவே சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் சொல்கிறேன். அது எனக்கு வேண்டும்.

பிப்ரவரி கடைசியில் ஒரு நாள் காலையில் அத்தான் கூப்பிட்டார். பெரார்கஞ்சில் கட்டட காண்ட்ராக்ட் ஒன்றில் சூப்பர்வைசராக இருக்கிறார், வேலை நேரத்தில் ஒருநாளும் ஃபோன் செய்யமாட்டார்.

"ஏம்மா, ஒங்கக்கா ஒங்கிட்ட ஒண்ணுமே சொல்லலையா?"

"எங்கிட்டதான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டு இருக்காளே அத்தான்."

"மூஞ்சியத் திருப்பலம்மா, மூஞ்சியே திரும்ப மாட்டேங்கு. சாயங்காலமானா கண்ணு தொறக்க மாட்டேங்கு. தண்ணி குடிச்சா மூக்கு வழியா வருது. நர்சரில பிள்ளைங்க எல்லாம் இவளப் பாத்து அழுவுதுங்களாம்."

அக்கா ஒரு நர்சரிப் பள்ளியில் மிஸ். சிரித்தே பிள்ளைகளை மடக்கிவிடுகிறவள். மதியத்துக்கு மேல் அவள் சிரித்தால் அது உறுமுகிற மாதிரி இருந்திருக்கிறது. "மிஸ், ஆப் குஸ்ஸா ஹோ க்யா?" என்று பிள்ளைகள் கேட்டிருக்கிறார்கள். மூன்று வயதுப் பிள்ளைகள் வாய் திறந்து கேட்டதை நான் கேட்கவில்லை. கோபமா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், இல்லை என்று சொல்லியிருப்பாள்.

அது ஒரு நோய். அதற்கு ஒரு குணம் உண்டு. காலையில் ஆள் நன்றாக இருப்பார். பொழுது சாயச் சாயத் தசைகள் ஒவ்வொன்றாகச் சோர்ந்துபோகும். நான் தினமும் கூப்பிட்டது சாயங்காலத்துக்குப் பிறகு. அங்கே ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடும், நான் கூப்பிடும்போது அக்காவின் நாள் முடிந்திருக்கும். ஒரே ஒரு நாள் காலையில் கூப்பிட்டிருந்தால் அவள் சிரிப்பைப் பார்த்திருப்பேன்.

அங்கே பார்த்த டாக்டர் சந்தேகப்பட்டு மெயின்லேண்டுக்கு எழுதிக்கொடுக்க, அத்தானும் அவளும் சென்னைக்கு வந்தார்கள். இங்கே நரம்பு டாக்டர், துணியில் ஐஸ் கட்டியைச் சுற்றி, தொங்கிக் கிடந்த அவள் இமைமேல் இரண்டு நிமிடம் வைத்தார். எடுத்தபோது இமை ஏறியிருந்தது. மயஸ்தீனியா என்றார். நரம்பு கூப்பிடுகிறது, ஆனால் அதைக் கேட்கவேண்டிய தசையின் காதுகளை உடம்பே அடைத்துவிட்டது என்று விளக்கினார். எதிரியை அடிக்கவேண்டிய ஆள் சொந்த வீட்டுக்குள் புகுந்து அடிக்கிற நோய்களில் இதுவும் ஒன்று. எனக்கு விளக்கத் தேவையில்லை. நான் பார்க்கும் வேலையே அந்தச் சாதி நோய்களைப் பற்றியதுதான்.

"டாக்டர், அந்த ஐஸ வாய்க்கும் கொஞ்சம் வையுங்க. சிரிச்சு நாளாச்சு" என்றாள் அக்கா, மூக்கால் பேசுகிற குரலில். அவர் சிரித்தார்.

நாலு மணி நேரத்துக்கு ஒரு மாத்திரை எழுதினார். நெஞ்சு ஸ்கேனைப் பார்த்துவிட்டு, எலும்புக்குப் பின்னால் தைமஸ் சுரப்பி பெரிதாக இருக்கிறது, அடிக்கிற செல்களுக்குத் தப்பான பாடம் அங்கேதான் நடக்கிறது, அதை எடுத்துவிடலாம், சீக்கிரம் எடுத்தால் நல்லது என்றார். தைமஸ் என்ற சொல்லைக் கேட்டதும் என் கை தானாக நெஞ்சுக்குப் போனது.

ஏனென்றால் நான் பார்ப்பதே அதுதான். பிறந்த எலிக் குட்டிகளுக்குத் தைமஸை எடுப்பேன். குட்டி என் சுண்டுவிரலில் பாதிகூட இருக்காது. இளஞ்சிவப்பாக, கண் திறக்காமல், வயிற்றுத் தோல் வழியாகக் குடித்த பால் வெள்ளைப் பொட்டாகத் தெரியும். அதை ஐஸ்மேல் வைத்தால் சில நிமிடத்தில் அசைவு அடங்கிவிடும், அதுதான் அதற்கு மயக்க மருந்து. நுண்ணோக்கியின் கீழே நெஞ்செலும்பில் சிறிதாக ஒரு வெட்டு. உள்ளே இதயத்துக்கு மேலே கடுகு மாதிரி இரண்டு வெள்ளைத் துண்டுகள். கண்ணாடிக் குழாயால் அவற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு மூடவேண்டும். பிறகு விளக்கடியில் சூடாக்கி, தாயின் கூண்டிலிருந்து எடுத்த உமியைக் குட்டியின்மேல் தேய்த்துத்தான் திரும்ப விடுவோம். என் கையின் வாசனை இருந்தால் தாய் அதைச் சேர்த்துக்கொள்ளாது, சில சமயம் தின்றுவிடும்.

பிறந்த மூன்றாம் நாள் இப்படி எடுத்த குட்டிகள் நன்றாகத்தான் வளரும். சில வாரம் கழித்துப் பார்த்தால் அவற்றின் உடம்பே அவற்றின் வயிற்றை அரித்திருக்கும், பெண் எலிகளுக்குச் சினைப்பையை. தைமஸை எடுத்தால் உடம்பு தன்னையே அடிக்கும். என் கண்ணாலேயே பார்த்தது, என் கையாலேயே செய்தது.

என் அறையில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அக்கா கட்டிலில் சாய்ந்திருந்தாள். அத்தான் மாத்திரை வாங்கப் போயிருந்தார். கஞ்சிதான் குடித்திருந்தாள், தாடையைக் கையால் தாங்கிக்கொண்டு.

"ஏட்டி, அந்தச் சொரப்பியதான நீ எலிக்கு எடுக்கே? எடுத்தா எலிக்கு என்ன ஆவும்?"

சொன்னேன். வயிறு, சினைப்பை எல்லாவற்றையும் சொன்னேன்.

"எடுக்காத எலிக்கு?"

"ஒண்ணும் ஆகாது."

அவள் ஒரு விரலால் வலது இமையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "அப்ப நீ என்ன சொல்லுதே?"

"மாத்திரைதான் கேக்குதே. கொஞ்ச நாள் பாப்போம்க்கா."

"அச்சா. அப்ப அறுக்க வேண்டாம். அந்த டாக்டர் ஆயிரம் பேரப் பாத்திருப்பாரு. ஆனா நீ எங்கூடப் பொறந்தவ."

முடிந்தது. அத்தான் வந்து ஏதோ சொல்லிப் பார்த்தார், அவள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. டாக்டரிடம் போய் என் எலிகளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் சிரிப்பாரோ என்று ஒரு கூச்சம். உண்மையைச் சொன்னால் அதற்கும் கீழே வேறொன்று இருந்தது. வீட்டில் எதற்குமே என்னைக் கேட்டதில்லை, கடைக்குட்டி. முதல்முறையாக என் பேச்சு எடுபட்டது எனக்குப் பெருமையாக இருந்தது.

அவர்கள் ஊருக்குத் திரும்பினார்கள். எட்டு மாதம் போனது.

மாத்திரை கேட்டது, பிறகு அவ்வளவாகக் கேட்கவில்லை, அளவைக் கூட்டினார்கள். அக்கா நர்சரிக்குக் காலையில் மட்டும் போய்வந்தாள். நான் கூண்டுகளோடு இருந்தேன். நாள் முழுவதும் வெள்ளைக் கோட்டும் முகமூடியுமாக நிற்கும்போது அவள் சிரிப்பை நினைவில் வரவழைத்துப் பார்ப்பேன். தோள் குலுங்குவது வரும், விக்கல் வரும், அதற்கு மேல் வராது. பழைய வீடியோ ஏதாவது இருக்கிறதா என்று ஃபோனையெல்லாம் துழாவினேன். எடுத்ததெல்லாம் கடல், கேக், அடுத்த வீட்டுப் பூனை. அவள் எப்போதும் சிரித்துக்கொண்டிருந்ததால் அதைப் படம் பிடிக்க யாருக்கும் தோன்றவில்லை.

இடையில் கோவில் திருவிழாவுக்குப் போனேன். எங்கள் கடற்கரைச் சனங்கள் தீவுக்கு வந்தும் அந்த முறையை விடவில்லை. கொடியேறும் நாளே முதலாம் திருவிழா. மறுநாள் இரண்டாம் திருவிழா. அப்படியே எண்ணிப் பத்தாம் திருவிழாவில் முடியும். கொடியேற்றம் சாயங்காலம் என்பதால் அக்காவுக்கு உடம்பு ஓய்ந்திருந்தது. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்தோம். கொடி மேலே போகும்போது இரண்டு கை விரல்களாலும் இரண்டு இமைகளையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு அண்ணாந்தாள். கண் தசையும் சோர்ந்துவிட்டால் எல்லாமே இரண்டாகத் தெரியும்.

"எனக்கு ரெண்டு கொடி ஏறுதுட்டி. ஒனக்கு ஒண்ணுதான?" என்று சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தாள். உதடு தூக்கி, பல் தெரிந்து, மூக்குச் சுளித்தது. முன்வரிசையில் திரும்பிப் பார்த்த ஒரு பெண், தன்னைத்தான் திட்டுகிறாள் என்று நினைத்து நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டாள். அந்தப் பெண்ணை எனக்கு அடிக்கலாம் போல இருந்தது. நானும் அதையேதான் செய்திருந்தேன் என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் நினைவுக்கு வந்தது.

சென்னைக்குத் திரும்பிய சில வாரத்தில் எங்கள் ஆய்வுக்கூடத்தின் தலைவி, மேடம் என்போம், என்னைக் கூப்பிட்டார். நான் எடுத்த குட்டிகளின் வயிற்றுத் திசுக்கள் கண்ணாடித் தட்டுகளில் அவர் மேசைமேல் இருந்தன. எனக்கு முன்பு இருந்த பெண் எடுத்தவற்றில் நோய் ஒழுங்காக வந்திருந்தது. என்னுடையவற்றில் சிலதில் வந்திருந்தது, சிலதில் இல்லவே இல்லை.

"பிறந்த நாளை என்ன எண்ணாகக் கணக்கு வைத்தாய்?" என்று கேட்டார்.

"ஒன்று."

"பூஜ்யம் இல்லையா?"

"பிறந்துவிட்டதே மேடம், அப்புறம் எப்படிப் பூஜ்யம்?"

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "எல்லா இடத்திலும் பிறந்த நாள் பூஜ்யம். அதிலிருந்து மூன்று. நீ ஒரு நாள் முந்தி எடுத்திருக்கிறாய். யார் சொல்லிக்கொடுத்தது இந்தக் கணக்கை?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. தப்பு என்னுடையது என்று தெரிந்த பிறகு வரும் கோபம், அது இன்னும் மோசம். "எங்கள் ஊரில் கொடியேறும் நாள் முதலாம் திருவிழா மேடம். பூஜ்யமாம் திருவிழா என்று ஒன்று கிடையாது. வெள்ளிக்கிழமை செத்தவர் ஞாயிற்றுக்கிழமை உயிர்த்தால் மூன்றாம் நாள் என்றுதான் உலகமே சொல்கிறது" என்றேன்.

அவர் திட்டுவார் என்று பார்த்தேன். திட்டவில்லை. மேசைமேல் இருந்த தட்டுகளை ஒழுங்காக அடுக்கிக்கொண்டே, எனக்கு ஏற்கெனவே தெரிந்த பாடத்தை மறுபடியும் பொறுமையாகச் சொன்னார். குட்டி பிறந்ததும் தைமஸிலிருந்து அடிக்கிற செல்கள் முதலில் வெளியே கிளம்புகின்றன. அவற்றை அடக்கி வைக்கிற செல்கள் ஓரிரு நாள் பிந்தித்தான் கிளம்பும். சரியாக அந்த இடைவெளியில் தைமஸை எடுத்தால் அடிக்கிறவை வெளியே, அடக்குகிறவை நம் கண்ணாடிக் குழாயில். அதனால்தான் நோய். ஒரு நாள் முந்தினால் கதை வேறு. ஒரு வாரம் விட்டு எடுத்தால் எலிக்குப் பெரும்பாலும் ஒன்றுமே ஆவதில்லை. வளர்ந்த எலிக்கும் அப்படித்தான். பிறவியிலேயே இந்த நோய் உள்ள சில எலி இனங்களில், எடுத்தால் நோய் தணிவதுகூட உண்டு. "தைமஸை எடுத்தால் என்ன ஆகும் என்று மொட்டையாகக் கேட்டால் பதில் கிடையாது. யாருக்கு, எந்த நாளில் என்று கேட்க வேண்டும்" என்றார்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆய்வுக்கூடத்துக்கு வருகிற கல்லூரி மாணவர்களுக்கு நானே சொல்லியிருக்கிறேன். அப்படியிருந்தும் அன்று மதியம், கட்டிலில் சாய்ந்து இமையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தவளுக்கு மூன்று நாள் குட்டியின் கதையை மட்டும் சொன்னேன். அவளுக்கு வயது முப்பத்தெட்டு. அவளிடமிருந்து வெளியே போகவேண்டிய செல்களெல்லாம் அவள் டெய்ரி ஃபார்ம் மேட்டில் தவழ்ந்து திரிந்த காலத்திலேயே போய்விட்டன. பயம் வந்தால் படித்ததெல்லாம் போய்விடுகிறது, கையால் தொட்டது மட்டும் மிஞ்சுகிறது. இதைச் சமாதானமாகச் சொல்லவில்லை. நடந்தது அதுதான்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அக்காவைக் கூப்பிட்டேன். அந்த நேரத்தில் அவள் முகம் கிட்டத்தட்டப் பழைய முகம். எல்லாவற்றையும் சொன்னேன், பூஜ்யத்தையும் சேர்த்து. பின்னால் அத்தான் பைக்கை உதைத்துக்கொண்டிருந்த சத்தம் கேட்டது.

"மத்லப், அப்படின்னா, மூணு நாள் குட்டியோட என்னையும் சேத்துட்டே?"

"ஆமாக்கா."

"எட்டு மாசம்."

"ஆமா."

"நான் என்ன ஒன் எலியாட்டி?"

நான் அழுதேன். அவள் அழவில்லை. அழுதால் மூச்சு இழுக்கும் என்று அழாமல் பழகியிருந்தாள். "ஏ மூதி, அழாத. எனக்கும் கத்திக்குப் பயந்தான். நீ வேண்டாம்னு சொல்ல மாட்டியான்னுதான் ஒங்கிட்ட கேட்டேன்" என்றாள். பிறகு கேமராவைத் திருப்பாமலே வாசல் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தாள். "ஏங்க, வேலைக்குப் போவாண்டாம். டிக்கெட்டு போடுங்க. அந்தச் சவத்த எடுத்துருவோம்."

சென்னையில் அறுவை முடிந்து வெளியே வந்த சர்ஜன், எடுத்ததை எனக்குக் காட்டினார். சின்னப் பாத்திரத்தில் மஞ்சளும் சிவப்புமாக, கிட்டத்தட்ட என் உள்ளங்கை அளவுக்கு இருந்தது. எத்தனையோ தைமஸ் பார்த்த எனக்கு அதை அடையாளம் தெரியவில்லை. என் எலிகளில் கடுகு. அக்காவின் நெஞ்சில் அத்தனை காலமாக இது உட்கார்ந்துகொண்டு தப்பும் தவறுமாகப் பாடம் நடத்தியிருக்கிறது. கண் விழித்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "எம்மேல உமியத் தேச்சாச்சா?"

உடனே எதுவும் மாறிவிடாது, மாதங்கள் ஆகலாம், வருடமும் ஆகலாம் என்று டாக்டர் முன்னாலேயே சொல்லியிருந்தார். அக்கா காலண்டரில் குறித்துக்கொண்டே வந்தாள். அறுத்த நாளை அவள் ஒன்று என்று எண்ணுகிறாள். நான் பூஜ்யம் என்று எண்ணப் பழகிவிட்டேன். அதனால் எங்கள் கணக்கில் அவள் எப்போதும் என்னைவிட ஒரு நாள் முன்னால் இருக்கிறாள். முதலில் விழுங்குவது சரியானது. பிறகு இரண்டாகத் தெரிந்தவை ஒன்றாகின. இமைகள் சாயங்காலமும் நின்றன. மாத்திரையைப் பாதியாகக் குறைத்தார்கள். இப்போது நர்சரிக்கு முழு நாளும் போகிறாள். பிள்ளைகள் அழுவதில்லை.

வாயின் இடது ஓரம் மட்டும் வரவில்லை. காலையில் கொஞ்சம் ஏறும், மதியத்துக்கு மேல் அப்படியே நிற்கும்.

அந்த எட்டு மாதம் முந்தி எடுத்திருந்தால் அதுவும் வந்திருக்குமா என்று டாக்டரிடம் கேட்டேன். சொல்ல முடியாதம்மா என்றார். பொய்க்குச் சொல்கிறாரோ என்று அவர் முகத்தைப் பார்த்தேன். இல்லை, உண்மையிலேயே சொல்ல முடியாது. எனக்கே தெரியும். எங்கள் கூண்டுகளில் ஒவ்வொரு குட்டிக்கும் துணையாக இன்னொரு குட்டி உண்டு. அதே தாய் போட்டது, அதே நாளில் பிறந்தது. அதற்கும் நெஞ்சைத் திறப்போம், எதையும் எடுக்காமல் மூடிவிடுவோம். பிற்பாடு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எடுத்ததால் என்ன ஆனது என்று தெரிந்துவிடும். அக்காவுக்கு அப்படி ஒரு கூண்டு இல்லை. மார்ச் மாதமே அறுத்துக்கொண்டு, முழு வாயால் சிரித்துக்கொண்டு டெய்ரி ஃபார்மில் நடமாடும் இன்னொரு அக்கா எங்கேயும் இல்லை. நான் தேடுவது அவளைத்தான்.

இந்த வருடத் திருவிழாவுக்குப் போயிருந்தேன். கொடியேறும்போது அக்கா நின்றுகொண்டே பார்த்தாள், கை இரண்டையும் கட்டிக்கொண்டு. "ஒரே கொடிதான்" என்றாள், ஏதோ நஷ்டப்பட்டவள் மாதிரி. வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தோம். ஆட்டுக்கறி, அவளும் மென்று தின்றாள். அடுத்த மாதம் ஹேவ்லாக் போகலாமா என்று நான்தான் பேச்சை எடுத்தேன். அத்தான் நிமிர்ந்து உட்கார்ந்து, "இந்தத் தடவ பாரு, நான் கடல்லயே கெடந்து..." என்று ஆரம்பித்தார்.

அக்காவின் தோள் குலுங்கியது.

நான் கையில் எடுத்த சோற்றை அப்படியே வைத்துக்கொண்டிருந்தேன். விக்கல் வந்தது. அதன் பிறகு உடைத்துக்கொண்டு சத்தம் வந்தது, அதே சத்தம், கோவிலிலிருந்து எங்களை வெளியேற்றிய சத்தம். வலது கன்னம் மேலே ஏறியது, கண் இடுங்கியது. இடது பக்கம் ஏறவில்லை. அது மட்டும் வேறு யாருடைய கவலையையோ கேட்டுக்கொண்டிருப்பதுபோல அப்படியே இருந்தது.

நான் பார்ப்பதை அவள் பார்த்துவிட்டாள். சிரித்துக்கொண்டே, எச்சில் படாத இடது கையை எடுத்து, ஆள்காட்டி விரலை இடது வாயோரத்தில் வைத்து மேலே தள்ளினாள்.

"இந்தா. முழுசு. போதுமாட்டி?"

"போதும்க்கா" என்றேன்.

அவள் விரலை எடுத்துவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தாள்.